வாத்தும் நாங்களும் இலங்கை போய்வந்த விவரம்

பழனிசெட்டிபட்டி,
வைகாசி மாதம்.

மஸ்கட் பட்டணத்தில் மதிப்போடும் குளிர்சாதன வசதியோடும் வாழ்ந்துவரும் மூத்த மச்சான் முத்துராஜா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை விஜியின் கணவன் கருத்தக்கண்ணன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று வீரபாண்டி மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே நான், விஜி, பிள்ளைகள் மூவர் ஆக ஐந்து பேரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். நாங்கள் ஊர் திரும்பிய அன்று நீங்கள் கூப்பிட்டு, பயணம் எப்படி இருந்தது என்று என்னைத்தான் கேட்டீர்கள். ஆனால் விஜி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே, அவுகளுக்குத்தேன் ரொம்பப் புடிச்சிருச்சு" என்று அவளே என் வாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் நீங்களும் அடுத்த வருஷம் வியட்நாம் போகலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் வியட்நாம் என்பது ரேஷன் கடைக்குப் போவதுபோல முடிவான காரியமாகப் பேசப்படுகிறது. ஆகவே உண்மையில் நடந்தது இன்னது என்று தங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, கடையில் சொட்டுநீர்க் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஏதோ கொட்டேஷன் போடுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் வியட்நாமைத் தாங்களே தங்கள் வாயால் வாபஸ் வாங்கிக்கொள்ளவேண்டும். நான் சொன்னேன் என்று மட்டும் விஜிக்குத் தெரியக்கூடாது.

சுபாஸ்ரீ பிளஸ் டூ பாஸான சந்தோஷத்துக்கு டிக்கெட்டும் ஓட்டலும் தாங்கள் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. தாங்களும் மஸ்கட்டிலிருந்து நேரே கொழும்புக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாகச் சொன்ன தைரியத்தில்தான் நான் தலையாட்டினேன். கடைசி நேரத்தில் கம்பெனியில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றீர்கள். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் நடந்ததை எல்லாம் யோசித்துப் பார்த்தால், உங்கள் கம்பெனி உங்கள்மேல் பிரியமாக இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும்.

மச்சான், ஒரே வயதுப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிப் போவது ஒரு சிரமம். வேறு வேறு வயதுப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டிப் போவது மூன்று பயணம். மூத்தவள் சுபாஸ்ரீக்குப் பதினேழு. அவள் எங்களோடுதான் வந்திருக்கிறாள் என்பது வெளி ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்தாள். மதுரை விமான நிலையத்தில் எங்களுக்கு ஒரு வரிசை தள்ளியே நின்றாள். காதில் எந்நேரமும் ஏதோ மாட்டியிருப்பாள். என்னிடம் நேராகப் பேசுவதை அவள் நிறுத்தி நெடுநாள் ஆகிறது. "அம்மா, அப்பாவ அந்தப் பேண்ட்ட எறக்கிப் போடச் சொல்லு" என்று விஜி வழியாகத்தான் உத்தரவு வரும். நடுவிலான் ஆதித்தனுக்குப் பத்து. அவனுக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி. விமானம் மேலே எழும்பும்போது நான் கண்ணை மூடி மாரியம்மனை நினைத்துக்கொண்டிருக்க, இந்த ரெக்கை எத்தனை ஆணியில் நிற்கிறது என்று கேட்டான். கடைக்குட்டி மாயக்காளுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. குலசாமி பேர் வைத்ததாலோ என்னவோ அவள் இஷ்டத்துக்கு மேல் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்து அவள் தன்னைப் பூனை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இது வீட்டில் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லாத விஷயம்.

இதோடு வாத்தைப் பற்றியும் தாங்கள் அறியவேண்டும். சின்னப் பிள்ளைகள் வெளிக்குப் போக உட்கார்வதற்கென்று மஞ்சள் பிளாஸ்டிக்கில் வாத்து மாதிரி ஒரு இருக்கை விற்கிறார்கள். இரண்டு பக்கமும் இறக்கை, முன்னால் பிடித்துக்கொள்ளத் தலை. மாயக்காள் அதில்தான் போவாள். வேறு எதிலும், யார் கெஞ்சினாலும், எத்தனை நேரமானாலும் போகமாட்டாள். ஆகவே வாத்தும் எங்களோடு இலங்கைக்கு வந்தது. பெட்டிக்குள் வைத்தால் கொக்கி மூடவில்லை. கையில்தான் தூக்கி வந்தேன். மதுரையில் சோதனை மெஷினுக்குள் வாத்து போனதும் மெஷின் நின்றது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நான் காதோரம் குனிந்து சொன்னேன். அவர் அதை மிகவும் மரியாதையாகக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வையில், சுபாஸ்ரீ இன்னும் ஒரு வரிசை தள்ளிப் போய் நின்றாள்.

அதைவிடப் பெரிய கூத்து குடியேற்ற அதிகாரியிடம் நடந்தது. மாயக்காளின் பாஸ்போர்ட் படம் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்திய மறுநாள் எடுத்தது. அந்தப் படத்தில் அவள் முகம் எலுமிச்சம்பழம்போல இருக்கும். இப்போதோ முடி வளர்ந்து, கன்னம் ஊதி, ஆளே வேறு. அதிகாரி படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பாப்பா உன் பேர் என்ன என்று அன்பாகக் கேட்டார். அவள் மியாவ் என்றாள். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு மியாவ். அவர் சந்தேகத்தோடு ஆதித்தனைப் பார்த்து, தம்பி, இது உன் தங்கச்சிதானே என்றார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் அல்லவா. அவன் படத்தைக் கையில் வாங்கிக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இந்தப் போட்டோல இருக்கது யாருன்னு எனக்குத் தெரியல சார்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தால் எங்களைத் தனியே ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கடைசியில் காதுகுத்துப் படங்களை எல்லாம் விஜி போனில் காட்டினாள், தாய்மாமனாகிய தங்கள் மடியில் உட்கார்ந்து பிள்ளை அழும் படத்தை வைத்துத்தான் விட்டார்கள். விமானத்தில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்.

கொழும்பில் இறங்கியதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. போர்டுகளில் இருந்த எழுத்தெல்லாம் சுழித்துச் சுழித்து மலையாளம்போல இருந்தது. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு மோட்டார் மாட்டப் போய்வந்த பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் மலையாளம் வரும் என்பது தாங்கள் அறிந்ததே. வேன் டிரைவரிடம், "சேட்டா, எத்தற நேரம் ஆகும்" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான் விடாமல் வழி முழுக்க ரோடு, மழை, விலைவாசி என்று மலையாளத்திலேயே பேசி வந்தேன். கண்டிக்குப் பக்கத்தில் அவர் வண்டியை ஓரம் நிறுத்தி, எனக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் ஐயா, ஆனால் நீங்கள் பேசுகிறதுதான் விளங்கவில்லை என்று தமிழிலேயே சொன்னார். பின் சீட்டில் சுபாஸ்ரீ துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

யானைகள் ஆற்றில் குளிக்கும் இடத்துக்குப் போனோம். யானைகளைச் சங்கிலி போட்டு வைப்பது பாவம் என்று சுபாஸ்ரீ யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு யானை ஒரு நாளைக்கு எவ்வளவு சாணி போடும், அதை யார் அள்ளுவார்கள், அள்ளி எங்கே கொண்டுபோவார்கள் என்று ஆதித்தன் பாகனை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மாயக்காள் யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் மண்ணில் படுத்திருந்த ஒரு சொறிநாயைக் காட்டி, "நாயி, நாயி" என்று ஆனந்தக் கூத்தாடினாள். நாய் நமது பழனிசெட்டிபட்டியிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது மச்சான். யானையை நானும் விஜியும் மட்டும் பார்த்தோம். அதுவும் விஜி போன் வழியாகத்தான் பார்த்தாள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பெரியவள் அந்த ஊர்ச் சாப்பாட்டை மட்டும்தான் சாப்பிடுவேன் என்றாள். நடுவிலான் நம்ம ஊர்ச் சாப்பாட்டை மட்டும்தான் சாப்பிடுவேன் என்றான். சின்னவள் தட்டைக் கீழே வைக்கச் சொல்லிப் பூனைபோல் நக்கிச் சாப்பிட்டாள். ஓட்டல்காரர்கள் நல்லவர்கள். மறுநாள் அவர்களே தரையில் ஒரு துணியை விரித்து வைத்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன் நான் எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். வெளிநாட்டில் தொலைந்துபோனால் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது, அழக்கூடாது, யூனிபார்ம் போட்டவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பேர், என் போன் நம்பர், ஓட்டல் விலாசம் எல்லாம் அச்சடித்து லேமினேஷன் செய்து, விஜி உட்பட நாலு பேர் கழுத்திலும் மாட்டிவிட்டேன். சுபாஸ்ரீ அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்று செய்துகொள்ளவில்லை. எல்லாரையும் தேடவேண்டிய ஆள் நான்தானே என்ற நினைப்பு.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மலை ரயிலில் புறப்பட்டோம். உலகம் முழுக்க இருந்து வெள்ளைக்காரர்கள் வந்து அந்த ரயில் படிக்கட்டில் தொங்குகிறார்கள். தொங்கி எதைப் பார்க்கிறார்கள் என்றால் தேயிலைத் தோட்டத்தை. மலை, மேகம், வரிசை வரிசையாகத் தேயிலை. விஜி என் போனை வாங்கி ஒரு செடி விடாமல் வீடியோ எடுத்தாள். ஆதித்தன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இது போடிமெட்டு மாதிரியே இருக்கு, நாம எதுக்கு பிளேன்ல வந்தோம்" என்று கேட்டான். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

அந்த நேரத்தில் மாயக்காள் பூனையாக இருப்பதை நிறுத்திவிட்டு, தெளிவான தமிழில் வாத்து வேண்டும் என்றாள். இரண்டு பெட்டிகளுக்கு இடையில், போகிறவர் வருகிறவர் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, காரியம் நல்லபடியாக முடிந்தது. வண்டிக் கக்கூஸில் தண்ணீர் வரவில்லை. அப்போது ஹட்டன் என்ற ஸ்டேஷன் வந்தது. பிளாட்பாரத்தில் ஜன்னலுக்கு நேராகவே ஒரு குழாய் தெரிந்தது. நம்ம போடி ரயில் நிற்கிற நிதானத்தை மனதில் வைத்துக்கொண்டு, வாத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். குழாயடியில் இருந்த சோப்பை எடுத்து, குனிந்து இறக்கைச் சந்தில் எல்லாம் விரலை விட்டுச் சுத்தமாகக் கழுவினேன். சோப்பைத் திருப்பி வைக்க நிமிர்ந்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

நான் ஓடினேன். ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கியது. ஜன்னலில் ஆதித்தன் முகம் தெரிந்தது. நான் கையை ஆட்டியதைப் பார்த்து அவனும் சந்தோஷமாக டாட்டா காட்டினான். அடுத்த ஜன்னலில் மாயக்காள் என் பக்கம் கையை நீட்டிக் கதறினாள். பெற்ற மகளின் கதறல் நெஞ்சை அறுத்தது மச்சான். என்ன சொல்லிக் கதறுகிறாள் என்று காதைக் கொடுத்துக் கேட்டால், "வாத்து, வாத்து" என்கிறாள். அப்படியே ரயில் வளைவில் மறைந்துவிட்டது. போன் வீடியோ எடுக்கும் விஜி கையில். மணிபர்ஸும் ஐந்து பாஸ்போர்ட்டும், எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நானே சொன்னபடி, விஜி நெஞ்சில் மாட்டியிருந்த பையில். தாங்கள் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கிளிப்படம் போட்ட அரைக்கால் டவுசரோடு, அந்தக் குளிரில், ஒரு கையில் சோப்பும் மறு கையில் வாத்துமாக நான் அயல்நாட்டில் நின்றேன்.

யூனிபார்ம் போட்டவரிடம் போய்ச் சொன்னேன். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல தமிழ் பேசினார். பாஸ்போர்ட் எங்கே என்றார். ரயிலில் என்றேன். போன் எங்கே என்றார். ரயிலில் என்றேன். கூட வந்த ஆக்கள் எங்கே என்றார். ரயிலில் என்றேன்.

"அப்ப இங்க என்னதான் இருக்கு?"

நான் வாத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் நூறு வயது இருக்கவேண்டும். மேசைமேல் இருந்த போனை என் பக்கம் தள்ளி, வீட்டுக்காரம்மா நம்பரைச் சொல்லச் சொன்னார். விஜி நம்பர் எனக்குத் தெரியாது மச்சான். கல்யாணமான நாளிலிருந்து அதை நான் எண்களாகப் பார்த்ததே இல்லை. போனில் 'வீடு' என்று இருக்கும், தொடுவேன், பேசுவாள். சுபாஸ்ரீ நம்பர் தெரியாது. தங்கள் நம்பரும் தெரியாது, மன்னிக்கவும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான். கம்பம் வரைக்கும் சுவர் சுவராக நான் எழுதி வைத்திருக்கும் கடை நம்பர். அதைப் போட்டேன்.

கடையில் தங்கப்பாண்டியன் எடுத்தார். ரொம்ப வருஷமாக நம்மிடம் இருக்கிற மனிதர், தங்களுக்கும் தெரியும். வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தால் ஏமாற்றுக்காரர்கள், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடவேண்டும் என்று அவருக்கு நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நான் கருத்தக்கண்ணன் பேசுகிறேன், இலங்கையில் மாட்டிக்கொண்டேன் என்றதும், இந்த வேலையெல்லாம் எங்களிடம் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். எங்கள் முதலாளி இப்போது குடும்பத்தோடு யானை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்தார். மூன்றாம் முறை, நீ முதலாளி என்றால் நம் கடைக்கு எதிர்த்தாற்போல் என்ன இருக்கிறது சொல் என்று கேட்டார். பேக்கரி என்றேன். அதை எவன் வேண்டுமானாலும் மேப்பில் பார்த்துச் சொல்லலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் நிற்கிறார் என்பதையும் மறந்து, தங்கப்பாண்டியனை நான் வழக்கமாகத் திட்டுகிற மாதிரி வழக்கமான வார்த்தைகளில் திட்டினேன்.

"சொல்லுங்க மொதலாளி," என்றார் அவர் உடனே. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. என்ன, அங்கன போயி ரயில விட்டுட்டீகளா?"

கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த சுபாஸ்ரீ நம்பருக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதாகச் சொன்னார். வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிளாட்பாரத்தில் வடை விற்கும் ஜெபஷீலா என்கிற அம்மா எனக்கு ஒரு கிளாஸ் சாயம் கொடுத்தார், பால் இல்லாத தேநீரை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அவரது மேல்துண்டை எடுத்து என் முழங்காலைப் போர்த்திவிட்டார். வாத்தைப் பார்த்து, பிள்ளை சின்னதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று சொல்லி, வாத்தைப் பெஞ்சுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன்.

சிரிக்காதீர்கள் மச்சான். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் எனக்குத்தான் தெரியும். ஊர் பேர் தெரியாத மலையில் என் மூன்று பிள்ளைகளும் போய்க்கொண்டிருக்கிறார்கள். விஜி தேனி பஸ் ஸ்டாண்டிலேயே நான் கையைப் பிடித்தால்தான் ரோட்டைத் தாண்டுவாள். ஆதித்தன் கேள்வி கேட்டுக்கொண்டே யார் பின்னாலும் போய்விடுவான். சின்னவளோ பூனை. பெரியவள், ஓட்டலில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட அம்மாவை அனுப்புகிற பிள்ளை, என்ன செய்வாள். இருட்டுவதற்குள் இறங்கத் தெரியுமா, எங்கே இறங்குவார்கள். நான் சாமி கும்பிட்டேன். எந்தச் சாமி என்று நினைவில்லை, தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. தங்கப்பாண்டியன்தான். சுபாஸ்ரீ பாப்பாவிடம் பேசிவிட்டாராம். பாப்பா சொன்னதை அப்படியே சொல்கிறேன் என்று பீடிகை போட்டுச் சொன்னார். "அப்பாவ நின்ன எடத்துலயே நிக்கச் சொல்லுங்க. எங்கயும் நகரக் கூடாது, அழுகக் கூடாது. நாங்க வந்து கூட்டிக்கிறோம்."

ரயிலில் நடந்ததை ஆதித்தன் பிறகு விளக்கமாகச் சொன்னான். நான் ஏறவில்லை என்று தெரிந்ததும் விஜி, "அவுகளக் காணோமே" என்று பெருங்குரல் எடுத்து அழ ஆரம்பித்திருக்கிறாள். எதிர் சீட்டில் இருந்த ஒரு சிங்களக் குடும்பம் விஷயம் புரியாமலே கூடச் சேர்ந்து கண் கலங்கியிருக்கிறது. அப்பா கிடைக்காவிட்டால் கடையை யார் பார்ப்பார்கள் என்று இவன் கேட்டிருக்கிறான். சுபாஸ்ரீதான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு எழுந்திருக்கிறாள். பெட்டி பெட்டியாகப் போய் ரயில் கார்டைக் கண்டுபிடித்து, இங்கிலீஷில் பேசி, ஹட்டனுக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறாள். அவரும் போட்டிருக்கிறார். லைன் பிஸி. தங்கப்பாண்டியன் என்னை விசாரணை செய்துகொண்டிருந்த நேரம் அது. சரி, அப்பா அங்கேதான் இருப்பார் என்று அவளே முடிவு பண்ணி, தலவாக்கலை என்ற அடுத்த நிறுத்தத்தில் அம்மாவையும் தம்பியையும் அத்தனை பெட்டிகளையும் இறக்கி, தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏற்றியிருக்கிறாள். அப்போதுதான் தங்கப்பாண்டியன் கூப்பிட்டிருக்கிறார். விஜி அழுகையை நிறுத்தாததைப் பார்த்து, "அம்மா, நீ சும்மா இரு, அப்பா பெரிய ஆளு, தொலைய மாட்டாக" என்றாளாம். என்னைப் பெரிய ஆள் என்று அவள் சொன்னதாக எனக்குக் கிடைத்த ஒரே தகவல் இது.

ஆட்டோ வந்து நின்றதும் மாயக்காள்தான் முதலில் குதித்து ஓடிவந்தாள். நான் மண்டி போட்டு இரண்டு கையையும் விரித்தேன். அவள் என் கைக்கு அடியில் நுழைந்து போய் பெஞ்சுக்குக் கீழே இருந்த வாத்தைக் கட்டிக்கொண்டாள். ஆதித்தன் தன் கழுத்து அட்டையைக் கழற்றி எந்த விளக்கமும் இல்லாமல் என் கழுத்தில் மாட்டினான். விஜி என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, எதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். சுபாஸ்ரீ மட்டும் ஆட்டோ பக்கத்திலேயே நின்றாள். பிறகு மெல்ல வந்தாள்.

"ஒரு எடத்துல ஒழுங்கா இருக்கத் தெரியாதாப்பா ஒங்களுக்கு?"

நேராக என்னிடமே கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு வாய் கோணிவிட்டது. நானும் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். அடுத்த ரயில் வரும்வரையும், ஏறி உட்கார்ந்த பிறகும், நுவரெலியாவுக்கு இறங்குகிற ஸ்டேஷன் வரையும் விடவில்லை. கை மரத்துப்போய் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அசைத்தால் விட்டுவிடுவாளோ என்று நான் அப்படியே வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் குழந்தையாகவே நடத்தப்பட்டேன் மச்சான். கடைத்தெருவில் ஆதித்தன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். நான் பாத்ரூம் போனால் வெளியே யாராவது காவல் நின்றார்கள். ஊருக்கு வந்தால் இங்கே தங்கப்பாண்டியன் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லி முடித்திருக்கிறார். குச்சனூரிலிருந்து மோட்டார் சாமான் வாங்க வருகிற விவசாயச் சம்சாரிகள், வாங்குவதற்கு முன்னால், "வாத்து சொகமா இருக்கா?" என்று விசாரிக்கிறார்கள். வியாபாரத்தில் எனக்கு இருந்த கனத்த பேர் போய்விட்டது.

எனவே மச்சான் அவர்கள் தயவுசெய்து ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். மூன்று பிள்ளைகளையும் ஒருசேரக் கூட்டிக்கொண்டு நான் இனி எந்தக் காலத்திலும் வெளிநாடு போகமாட்டேன். வியட்நாம் வேண்டாம். எந்த நாமும் வேண்டாம். சின்னமனூர்வரை போய்விட்டு வருவதற்கே எனக்கு இனி எந்தக் காலத்திலும் துணிவு வராது. விஜி கேட்டால் விசா கிடைக்கவில்லை என்றோ, அங்கே மழை அதிகம் என்றோ தங்களுக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். தங்கள் லீவு எப்போதும்போல் ரத்தாகிக்கொண்டே இருக்காமல் ஊர்ப்பக்கம் வந்துபோக அம்மன் அருள் செய்யட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மாப்பிள்ளை,
கருத்தக்கண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் எல்லாம் எழுதிவிட்டோமா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். கடைசி நாள் சாயங்காலம் விட்டுப்போயிருக்கிறது. விமானத்துக்கு நேரம் இருந்ததால் நீர்கொழும்புக் கடற்கரையில் இறங்கினோம். மாயக்காள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அலை அவள் காலைத் தொட்டதும் கோபம் வந்து, விரலை நீட்டி, "போ" என்றாள். அலை போய்விட்டது. அவள் திகைத்துப்போய் எங்களைப் பார்த்தாள். மறுபடி வந்தது. மறுபடி "போ" என்றாள். மறுபடி போனது. அலை ஏன் திரும்பிப் போகிறது என்று ஆதித்தன் அவளுக்கு விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, தானும் அவள் பக்கத்தில் நின்று "போ" என்றான். சுபாஸ்ரீ போனை அம்மா பையில் போட்டுவிட்டுப் பேண்ட் காலைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள். அப்புறம் விஜி. கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நின்று, அவ்வளவு பெரிய கடலை அதட்டிக்கொண்டிருந்தோம். அதுவும் ஒவ்வொரு தடவையும் எங்கள் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போனது. பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள், சுபாஸ்ரீ தள்ளிப் போய் நிற்கவில்லை. விமானத்தைத் தவறவிடுவோம் என்று நான்தான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கவேண்டும். கூப்பிட மனம் வரவில்லை.

ஆகவே மேலே கடிதத்தில் 'இனி எந்தக் காலத்திலும்' என்று வருகிற வாக்கியங்களை எல்லாம் தாங்களே பேனாவால் அடித்துவிட்டு வாசிக்கவும். வியட்நாமில் கடற்கரைக்குப் பக்கமாக ஓட்டல் கிடைக்குமா என்று விசாரித்து, எனக்கு எழுதவேண்டாம், விஜிக்கே போனில் சொல்லிவிடவும்.